உட்பிரிவு

சிப்பு ஒன்று; உள்ளே குடியிருப்பவர் இருவர்.
பெரியவன் லினக்ஸ் பேசுவான், திரை காட்டுவான்,
செல்போனுக்குச் செய்தி அனுப்புவான்,
சில சமயம் ஏதோ யோசனையில் நின்றுவிடுவான்.
சின்னவனுக்கு ஒரே வேலை:
மோட்டாரில் ஓடும் மூன்று பேஸ் கரண்டை
நொடிக்கு எட்டாயிரம் முறை எண்ணுவது.

எண்ணவில்லை.

சின்னவேடம்பட்டி ஒர்க்‌ஷாப் மாடியில்
பத்து இரவாய் அவனை எழுப்பிக்கொண்டிருந்தோம்
நானும் மௌனிகாவும்.
கீழே லேத் ஓடினால் மேசையில் போர்டு நடுங்கும்,
லேத் நின்றால் கொசு.

டிவைஸ் ட்ரீ என்று பெயர்.
மரம்தான், வேர் மட்டும் உச்சியில்:
ஒற்றைச் சாய்கோடு.
அங்கிருந்து கீழ்நோக்கிக் கிளைக்கும்,
அடைப்புக்குள் அடைப்பாய்.
எந்தக் கருவி எந்த முகவரியில்,
எத்தனை பைட் அகலம்,
யார் மணியடித்தால் யார் எழவேண்டும்.
செம்பும் சிலிக்கானுமாய்க் கண்முன் கிடந்தாலும்
இந்த எழுத்தில் ஏறாதவன்
பெரியவனுக்குப் பிறக்கவே இல்லை.

முதல் இரவே கண்டோம்.
சின்னவன் பெயருக்கு நேரே
'டிசேபிள்டு' என்று எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள்.
'ஓகே' என்று மாற்றினோம்.
ஓகே ஆகவில்லை.

எழுந்தான். அரை நொடி.
விழுந்தான்.
மறுபடி அரை நொடி.
நான் மின்சாரத்தைச் சந்தேகித்தேன், சால்டரை, சிப்பை,
கடைசியில் என்னை.

பத்தாம் இரவு மௌனிகா
முகவரிகளைத் தாளில் கட்டம் கட்டமாய் வரைந்தாள்.
கோபி கோர்ட்டில் பதினாலு வருஷமாய்
பங்காளி வழக்கு நடக்கும் வீட்டுப் பெண்.
"ஏனுங்க்கா, இதுல நாலு எல்லையே காணமே?
அவன் எங்கதான் உக்காருவான்?"

அதுதான்.
சின்னவனுக்கென்று விட்ட இடம்
எந்தப் பதிவிலும் இல்லை.
அவன் அடுக்கிவைத்த எண்களின் மேல்
பெரியவன் ஏதோ ஒரு படத்தை விரித்துப்
படுத்திருந்தான்,
கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல்,
புறம்போக்கு என்று நினைத்து.

ஒதுக்கு நினைவகம் என்று ஒரு கிளை வைத்தோம்.
தொடக்கம் இது, நீளம் ஒரு மெகாபைட்.
கீழே ஒரு வரி: உன் வரைபடத்திலேயே இதைச் சேர்க்காதே.
சின்னவன் கிளையிலிருந்து அந்த இடத்துக்கு
ஒரு சுட்டு.
ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டேன்,
அதற்கு நாற்பது நிமிஷம்.

மசக்கவுண்டன்செட்டிபாளையம்.
சென்னியப்பன் தோட்டத்து போர், ஆயிரத்து நூறு அடி.
ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் த்ரீ பேஸ் வரும்.
வந்தது.
மோட்டார் உறுமியது, பைப் இருமியது,
பெட்டிக்குள் பெரியவன் எழுந்து
சின்னவனைத் தட்டினான்.
அரை நொடி போயிற்று.
ஒரு நொடி.
பத்து.
மௌனிகா என் கையைப் பிடித்திருந்தாள்,
பிடித்திருப்பது தெரியாமல்.

நாற்பதாவது நொடியில் மணி அடித்தது.
அவனுடைய முதல் பேச்சு:
தண்ணி இல்லை. நிறுத்து.

தானே நிறுத்தினான்.

கோளாறு என்றுதான் நினைத்தோம்.
வயரில் கிளாம்ப் மாட்டி நாங்களே ஓட்டிப் பார்த்தோம்.
பதினொன்று இருக்கவேண்டிய ஆம்ப்பியர்
ஆறில் தள்ளாடியது.
பைப்பின் வாயில் காற்று.

"போன வாரம் முச்சூடும் ஓடுச்சுங்களே,"
என்றார் சென்னியப்பன்.
ஓடியதுதான். யாரும் எண்ணவில்லை.
டார்ச்சைப் பெட்டியின் மேல் அடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றார்.
"அந்தச் சின்னதை மறுக்கா
சும்மா இருக்கச் சொல்ல முடியுங்களா?"

முடியும்.
ஒரே ஒரு சொல்தான்.

மௌனிகா லேப்டாப்பை மூடினாள்.
வரப்பில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயை
மூன்று பேரும் குடித்தோம், சர்க்கரை தூக்கல்.
அஞ்சு மணிக்கு அவனாகவே மோட்டாரைப் போட்டான்.
ஊறியிருந்த தண்ணி
ஒன்பது நிமிஷம் வந்தது.